நாற்பதாண்டுக் கணினிக்கு வேகம் எங்கிருந்து வந்தது?

கைபேசிக்கு அப்டேட் போட்டதும் மந்தமாகிவிட்டது என்ற புலம்பல் எல்லா வீட்டிலும் கேட்கிறது. பழைய கருவி புதிய மென்பொருளைத் தாங்காது என்றே நாமும் பழகிவிட்டோம். இதற்கு நேர்மாறாக நடக்கும் ஓர் இடம் உண்டு.

கமடோர் 64 என்ற வீட்டுக் கணினி 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. விசைப்பலகைப் பெட்டிக்குள்ளேயே மொத்தக் கணினியும் அடங்கிவிடும். டிவியோடு இணைத்துக்கொள்ள வேண்டியதுதான். நினைவகம் 64 கிலோபைட். வேகம் விநாடிக்கு ஏறத்தாழப் பத்து லட்சம் துடிப்பு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்றும் ஆர்வலர்கள் அதற்குப் புதிய விளையாட்டுகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் சி மொழியில் எழுதுகிறவர்கள் கம்பைலரைப் புதியதாக மாற்றியபோது கண்டதைக் கேட்டால் வியப்பாக இருக்கும். நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கணினியில் ஒரு டிரான்சிஸ்டரும் மாறவில்லை. நிரல் மட்டும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடும் அளவுக்கு வேகமாக ஓடுகிறது.

அந்த வேகம் எங்கிருந்து வந்தது? சில்லு அதே சில்லு. விநாடிக்குப் பத்து லட்சம் துடிப்பு என்ற வரம்பை எந்த மென்பொருளாலும் மீற முடியாது. அப்படியானால் பழைய கம்பைலர் அந்தத் துடிப்புகளை எதில் செலவழித்துக்கொண்டிருந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

கம்பைலரின் வேலை நாம் எழுதிய நிரலைச் சில்லுக்குத் தெரிந்த கட்டளைகளாக மாற்றித் தருவது. நம் பாடநூல்கள் இதை நிரல்பெயர்ப்பி என்கின்றன. கமடோரை இயக்கியதும் திரையில் காத்திருக்கும் பேசிக் மொழி கம்பைலர் வழியாக ஓடுவதில்லை. ஒவ்வொரு வரியையும் ஓடும்போதே படித்து, பொருள் கண்டு, செய்துவிட்டு, அடுத்த முறை அதே வரி வரும்போது மறுபடியும் முதலிலிருந்து படிக்கும். ஒன்று முதல் ஆயிரம் வரை வெறுமனே எண்ணு என்றால் அதற்கே ஏறத்தாழ ஒரு விநாடி போய்விடும். விநாடிக்குப் பத்து லட்சம் துடிப்பு என்றால், ஓர் எண்ணைக் கூட்ட ஆயிரம் துடிப்பு! கம்பைலர் இந்தப் படிக்கும் வேலையை ஒரே தடவை முன்கூட்டியே முடித்துவிடுகிறது. அதனால் சி நிரல் பேசிக்கை எளிதாக முந்தும். ஆனால் கம்பைலருக்குக் கம்பைலர் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கமடோரின் உள்ளே இருப்பது 6510 நுண்செயலி. புகழ்பெற்ற 6502இன் மறுபதிப்பு. கட்டளைத் தொகுதி இரண்டுக்கும் ஒன்றே. 1975இல் மாஸ் டெக்னாலஜி நிறுவனம் 25 டாலருக்கு விற்ற 6502தான் ஆப்பிள் 2, அட்டாரி, பிபிசி மைக்ரோ எல்லாவற்றையும் இயக்கியது. 1984இல் இந்திய அரசு பள்ளிகளில் தொடங்கிய கணினிக் கல்வித் திட்டத்தில் வந்து இறங்கியவை இந்த பிபிசி மைக்ரோக்கள்தாம். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் டிவியில் மாட்டி மாரியோ விளையாட விற்ற பெட்டிகளுக்குள்ளும் இதே குடும்பத்துச் சில்லுதான் இருந்தது.

இந்தச் சில்லில் மொத்தமே ஏறத்தாழ 3,500 டிரான்சிஸ்டர். கணக்குப் போடும்போது எண்களை வைத்துக்கொள்ளச் சில்லுக்குள்ளேயே இருக்கும் இடத்துக்குப் பதிவகம் என்று பெயர். 6502இல் அது மூன்றே மூன்று: ஏ, எக்ஸ், ஒய். ஒவ்வொன்றும் ஒரு பைட். அதாவது 0 முதல் 255 வரை மட்டும் கொள்ளும். பெருக்கல் கட்டளை கிடையாது. வகுத்தலும் கிடையாது.

சி நிரல்களில் அடிக்கடி வரும் வேலையொன்றை எடுத்துக்கொள்வோம். ‘ஐ’ என்றொரு மாறி. அதில் ஒன்றைக் கூட்ட வேண்டும். சி மொழியில் சாதாரண முழு எண்ணுக்கு இந்தக் கணினியில் இரண்டு பைட். இதைச் சில்லிடம் எப்படிச் சொல்வது?

பல பழைய கம்பைலர்கள் போகும் வழி இது. மாறி நினைவகத்தின் ஓர் ஓரத்தில் அடுக்கு என்ற பகுதியில் இருக்கிறது; அடுக்கின் தற்போதைய நுனி எங்கே என்பது வேறொரு முகவரியில் எழுதப்பட்டிருக்கிறது. ஒய் பதிவகத்தில் 0 வை: 2 துடிப்பு. நுனியின் முகவரியைப் பார்த்து, அதோடு ஒய்யைக் கூட்டி, அங்கிருக்கும் பைட்டை ஏ-வுக்குக் கொண்டு வா: 5 துடிப்பு. முந்தைய கூட்டலின் மிகுதியை அழி: 2. ஒன்றைக் கூட்டு: 2. வந்த வழியே திருப்பி எழுது: 6. ஒய்யை ஒன்று கூட்டு: 2. இரண்டாவது பைட்டைக் கொண்டு வா: 5. மிகுதி இருந்தால் சேர்: 2. திருப்பி எழுது: 6. ஆக மொத்தம் 32 துடிப்பு. பல பழைய கம்பைலர்கள் இதைக்கூட நேராக எழுதாமல் ஒரு துணை நிரலாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அழைக்கும். அழைப்புக்கு 6, திரும்பி வர 6 என்று இன்னும் 12 துடிப்பு அதில் ஏறும்.

அதே மாறி நினைவகத்தின் முதல் 256 பைட்டுக்குள் நிலையான ஓர் இடத்தில் இருந்தால் கதை வேறு. அந்தப் பகுதிக்குச் சுழியப் பக்கம் என்று பெயர். அங்கிருக்கும் பைட்டை ஒரே கட்டளையில் ஒன்று கூட்டலாம்: 5 துடிப்பு. அது 255ஐத் தாண்டி மறுபடி 0 ஆகவில்லை என்றால் அடுத்த பைட்டைத் தொடாமல் தாவிவிடலாம்: 3 துடிப்பு. மொத்தம் 8. இரண்டாவது பைட்டைத் தொடவேண்டிய நிலை 256 முறைக்கு ஒரு முறைதான் வரும், அப்போதும் 12தான்.

‘ஐ’ ஒருபோதும் 255ஐத் தாண்டாது என்று உறுதியாகத் தெரிந்தால்? அதை எக்ஸ் பதிவகத்திலேயே வைத்துவிடலாம். ஒன்று கூட்ட 2 துடிப்பு.

32, 8, 2. நாம் எழுதியது ஒரே வரி. விடையும் ஒன்றே. பதினாறு மடங்கு இடைவெளியை உண்டாக்குவது அந்த மாறி எங்கே குடியிருக்கிறது என்பது மட்டும்தான்.

அப்படியென்றால் பழைய கம்பைலர் எழுதியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாதா? நன்றாகத் தெரியும். சிக்கல் சி மொழியின் பிறப்பிலேயே இருக்கிறது. டென்னிஸ் ரிட்சி பெல் ஆய்வகத்தில் எழுபதுகளின் தொடக்கத்தில் சி மொழியை உருவாக்கியபோது அது வளர்ந்த இயந்திரம் பிடிபி-11. அதில் எட்டுப் பதிவகம், ஒவ்வொன்றும் இரண்டு பைட். அடுக்கின் நுனியிலிருந்து இத்தனை பைட் தள்ளியிருப்பதைக் கொண்டு வா என்று ஒரே கட்டளையில் கேட்கலாம். செயற்கூறு, அதாவது ஃபங்ஷன், அழைக்கப்படும்போதெல்லாம் அதன் மாறிகளுக்கு அடுக்கில் புதிதாக இடம் ஒதுக்குவதும், முடிந்ததும் இடத்தைத் திருப்பிக் கொடுப்பதும் அங்கே செலவில்லாத வேலை. 6502இன் அடுக்கோ மொத்தமே 256 பைட். அதன் நடுவிலிருக்கும் ஒன்றை எட்டிப் பிடிக்கவும் சுற்றிவளைத்துத்தான் போக வேண்டும். ஆகவே கம்பைலர் எழுதியவர்கள் வேறோர் அடுக்கை மென்பொருளாலேயே கட்டினார்கள். மேலே பார்த்த 32 துடிப்பு அந்தக் கட்டுமானத்துக்கு நாம் தரும் வாடகை.

இரண்டாவது காரணம் இடப்பற்றாக்குறை. 1980 மே மாதம் ரான் கெயின் என்பவர் ‘டாக்டர் டாப்ஸ் ஜர்னல்’ இதழில் ஸ்மால்-சி என்ற சிறிய கம்பைலரின் முழு நிரலையும் வெளியிட்டார். வீட்டுக் கணினிகளின் சி கம்பைலர் பரம்பரை ஒன்று அங்கிருந்துதான் கிளைவிடுகிறது. அது ஒரு வரியைப் படிக்கும், அதற்கான கட்டளைகளை எழுதும், மறந்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும். வேறு வழியும் இல்லை. கம்பைலரே அந்தச் சின்னக் கணினிக்குள் ஓடியாக வேண்டும். கமடோரின் 1541 வட்டு இயக்கியில் ஒரு வட்டுக்கு 170 கிலோபைட். படிக்கும் வேகம் விநாடிக்கு 300, 400 பைட். எடிட்டரை ஏற்று, நிரலைச் சேமி, கம்பைலரை ஏற்று, பிறகு லிங்கரை ஏற்று என்று ஒரு பிழையைத் திருத்தி ஓட்டிப் பார்ப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். நிரல் முழுவதையும் நினைவில் வைத்துக்கொண்டு யோசிக்கும் கம்பைலர் அந்தச் சூழலில் கனவு.

இன்று நாம் பயன்படுத்தும் சிசி65, ஸ்மால்-சி வழிவந்ததுதான். முதலில் ஜான் டன்னிங் அட்டாரி கணினிகளுக்காக எழுதினார். 1998 முதல் ஜெர்மனியின் உல்ரிக் ஃபான் பாசெவிட்ஸ் அதை எடுத்து வளர்த்தார். இது மடிக்கணினியில் ஓடி, கமடோருக்கான நிரலைத் தரும். இத்தனை பழைய கணினிகளில் சி மொழி இன்று பேசப்படுவதற்குச் சிசி65தான் முதல் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அதன் அடிப்படை அமைப்பு அந்த மென்பொருள் அடுக்குதான். ஆகவே அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கென்று ஒரு பழக்கமே உருவானது. முழு எண்ணுக்குப் பதில் குறியில்லாத ஒரு பைட் எண்ணைப் பயன்படுத்து. செயற்கூறுக்கு மதிப்புகளை அனுப்பாதே, பொதுமாறியில் வைத்துவிடு. உள்மாறிகளை நிலையானவை என்று அறிவி. இதையெல்லாம் செய்தால் வேகம் கிடைக்கும். ஆனால் எழுதப்படுவது சி மொழியின் உடையில் இருக்கும், சில்லின் கட்டளைகளை நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழியாகிவிடும்.

புதிய கம்பைலரான எல்எல்விஎம்-மாஸ் வருவது வேறு வழியாக. எல்எல்விஎம் என்பது 2000இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும் விக்ரம் அட்வேயும் தொடங்கிய கம்பைலர் கட்டமைப்பு. இன்றைய ஐஃபோன் செயலிகளெல்லாம் இதன் வழியாகத்தான் உருவாகின்றன. அதே இயந்திரத்தை ஆர்வலர்கள் 6502க்குத் திருப்பினார்கள். அதற்கும் பழைய கம்பைலர்களுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு, அது நிரல் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது என்பதே.

முழுவதையும் பார்ப்பதால் என்ன கிடைக்கும்? ஊரில் ஒரே ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவணி மாதத்துக்குப் பத்துக் குடும்பங்கள் கேட்கின்றன. எல்லாருடைய முகூர்த்த நாளும் மண்டபக்காரரின் நோட்டில் இருந்தால், நாள் மோதாதவரை அந்த ஒரு மண்டபத்தையே பத்துப் பேருக்கும் தந்துவிடலாம். யாருக்கு எப்போது கல்யாணம் என்றே தெரியாத மண்டபக்காரர், ஊருக்கு வெளியே பந்தல் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்ல முடியும். பந்தலுக்கு ஒவ்வொரு முறையும் கால் நடவேண்டும், பிரிக்க வேண்டும்.

செயற்கூறுகளின் மாறிகளும் இப்படித்தான். எந்தச் செயற்கூறு எதை அழைக்கிறது என்ற வரைபடம் முழுவதும் கையில் இருந்தால், எவையெல்லாம் ஒரே நேரத்தில் நடப்பில் இருக்கவே முடியாது என்று கம்பைலர் நிறுவிவிடும். திரையில் மதிப்பெண் எழுதும் செயற்கூறும் ஒலி எழுப்பும் செயற்கூறும் ஒன்றையொன்று அழைப்பதில்லை என்றால், இரண்டின் மாறிகளும் நினைவகத்தின் அதே பைட்டுகளில் மாறி மாறிக் குடியிருக்கலாம். அடுக்கே வேண்டாம். தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் செயற்கூறுகளுக்கு மட்டும் இது செல்லாது. தற்சுழற்சி எனப்படும் அந்த வகையில் முதல் அழைப்பு முடியுமுன்பே இரண்டாவது அழைப்பு அதே இடத்தைக் கேட்கும். எது அப்படி அழைத்துக்கொள்கிறது என்பதையும் கம்பைலர் தானே கண்டுபிடித்து, அவற்றுக்கு மட்டும் அடுக்கைத் தருகிறது. சிசி65இலும் உள்மாறிகளை நிலையாக்கும் தெரிவு உண்டு. ஆனால் தற்சுழற்சி இல்லை என்பதற்கு நிரல் எழுதுபவர் பொறுப்பேற்க வேண்டும். புதியதில் அந்தப் பொறுப்பைக் கம்பைலர் எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது சுழியப் பக்கம். எல்எல்விஎம் போன்ற பெரிய கட்டமைப்புக்கு நிறையப் பதிவகங்கள் இருந்தால்தான் வேலை ஓடும். இங்கே இருப்பதோ மூன்று. எனவே சுழியப் பக்கத்தின் பைட்டுகளையே கற்பனைப் பதிவகங்களாக எண்ணிக்கொண்டு அது வேலை செய்கிறது. இந்த எண்ணத்துக்கு ஒரு மூத்த முன்னோடி உண்டு. ஆப்பிள் 2ஐ வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக், 1977இலேயே ஸ்வீட்16 என்றொரு குட்டி நிரலை எழுதினார். சுழியப் பக்கத்தின் முதல் 32 பைட்டுகளைப் பதினாறு பெரிய பதிவகங்களாகப் பாவித்து, இல்லாத ஒரு 16 பிட் சில்லை நடித்துக்காட்டும் நிரல் அது. ஓடும்போதே ஒவ்வொரு கட்டளையாகப் பொருள் கண்டு செய்ததால் அது மெதுவாக ஓடியது. புதிய கம்பைலர் அந்தப் பதிவகக் கருத்தை வைத்துக்கொண்டு, பொருள் காணும் செலவை முன்கூட்டியே தீர்த்துவிடுகிறது.

கமடோரில் இதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்கலாம். பேசிக் மொழியும் இயங்குதளமும் சுழியப் பக்கத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. 2ஆம் இடமும் 251 முதல் 254 வரையும்தான் காலி. ஆனால் சி நிரல் ஓடும்போது பேசிக் தேவையில்லை. அது வைத்திருக்கும் இடத்தையும் சேர்த்து 2 முதல் 143 வரை முழுவதும் நமக்கு வந்துவிடும்.

இந்த யோசனைகளில் எதுவும் நேற்றுத் தோன்றியதல்ல. இதுதான் என்னை மிகவும் யோசிக்க வைக்கும் செய்தி. செயற்கூறுகளின் எல்லையைத் தாண்டி நிரல் முழுவதையும் பகுத்தாய்வது பற்றி ஐபிஎம்மின் ஃபிரான்சஸ் ஆலன் 1974இலேயே கட்டுரை எழுதிவிட்டார். 2006ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்று, அந்த விருதைப் பெற்ற முதல் பெண் ஆனவர் அவர். மோதாத மாறிகளுக்கு ஒரே பதிவகத்தைத் தருவதை, வரைபடத்துக்கு நிறம் தீட்டும் கணக்காக மாற்றிக் காட்டிய கிரெகரி சைட்டின் குழுவும் ஐபிஎம்தான், ஆண்டு 1981. ஆக, கமடோர் 64 கடைக்கு வந்தபோது அதை வேகமாக்கும் அறிவு உலகில் இருந்தது. ஆனால் அது பெருங்கணினிகளின் அறைக்குள் இருந்தது. வீட்டு மேசைக்கு வந்து சேர நாற்பது ஆண்டு பிடித்தது.

கம்பைலர் எழுதியவர்கள் சொல்வதை நாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. கமடோரில் வேகத்தை அளக்க அழகான வழி ஒன்று உண்டு; எந்தக் கருவியும் வேண்டாம். திரையைச் சுற்றியுள்ள ஓரப்பட்டையின் நிறம் நினைவகத்தின் 53280ஆம் இடத்தில் இருக்கிறது. அளக்க வேண்டிய வேலை தொடங்கும் முன் அங்கே சிவப்பை எழுது. முடிந்ததும் கறுப்பை எழுது. டிவியின் கதிர் மேலிருந்து கீழாக வரைந்துகொண்டே போகிறது அல்லவா? வேலை நடக்கும் நேரம் முழுவதும் அது சிவப்பாகவே வரையும். ஐரோப்பிய மாதிரியில் திரைக்கு 312 வரி, ஒரு வரிக்குச் சரியாக 63 துடிப்பு, விநாடிக்கு 50 திரை. ஒவ்வொரு திரையிலும் அதே வரியில் வேலையைத் தொடங்கினால் சிவப்புப் பட்டை அசையாமல் நிற்கும். அதன் உயரத்தை வரிகளில் எண்ணி 63ஆல் பெருக்கினால் துடிப்புக் கணக்கு வந்துவிடும்.

முன்பு பார்த்த கூட்டலை அசெம்பிளியில் நூறு முறை வரிசையாக எழுதி இப்படி அளந்தால், அடுக்கு வழியில் 3,200 துடிப்பு. பட்டையின் உயரம் ஏறத்தாழ 51 வரி. சுழியப் பக்கத்தில் 13 வரிக்கும் குறைவு. எக்ஸ் பதிவகத்தில் மூன்று வரியும் சொச்சமும். இதில் இரண்டு எச்சரிக்கை. படம் காட்டும் பகுதியில் எட்டு வரிக்கு ஒருமுறை விஐசி என்ற காட்சிச் சில்லு நுண்செயலியை நிறுத்திவிட்டு 40க்கும் மேற்பட்ட துடிப்புகளைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். திரையை அணைத்துவிட்டு அளந்தால் இந்தத் தொல்லை இல்லை, திரை முழுவதுமே ஓரப்பட்டையாகிவிடும். இரண்டாவது, இதையே சி மொழியில் நூறு வரியாக எழுதினால் நல்ல கம்பைலர் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, நூறைக் கூட்டு என்று ஒரே தடவையில் முடித்துவிடும். அளக்க ஒன்றும் இருக்காது.

இதனால்தான் கம்பைலர்களை ஒப்பிட, ஏமாற்ற முடியாத, விடை தெரிந்த ஒரு வேலை வேண்டும். 1981 செப்டம்பர் ‘பைட்’ இதழில் ஜிம் கில்பிரெத் அப்படி ஒன்றைத் தந்தார்: பகா எண்களைச் சலித்தெடுக்கும் எரடோஸ்தனிஸ் சல்லடை. 3 முதல் 16,383 வரை ஒற்றைப்படை எண்களை வரிசையாக வைத்து, மடங்குகளை அடித்துக்கொண்டே போனால் மிஞ்சுபவை 1,899. வேகமாக முடித்துவிட்டு வேறு எண்ணைச் சொல்லும் கம்பைலர் தோற்றது. எண்பதுகளில் கம்பைலர்களுக்கும் கணினிகளுக்கும் இதுவே பொதுத் தேர்வாக இருந்தது. நானும் புதிய கம்பைலர் எது வந்தாலும் முதலில் ஓட்டிப் பார்ப்பது இதைத்தான்.

வேகத்தை அளந்துவிடலாம். ஒழுங்காக மொழிபெயர்த்திருக்கிறதா என்பதை எப்படி அறிவது? பெரிய கம்பைலர்கள்கூடத் தவறு செய்யும் என்பதை 2011இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிஸ்மித் என்ற அவர்களுடைய கருவி, பொருளில்லாத ஆனால் இலக்கணம் பிசகாத சி நிரல்களைக் குத்துமதிப்பாக எழுதித் தள்ளும். அதே நிரலைப் பல கம்பைலர்களுக்குக் கொடுத்து, வரும் விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒன்று மட்டும் வேறு விடை சொன்னால் அங்கே கோளாறு. அதுவரை யாருக்கும் தெரியாதிருந்த 325க்கும் மேற்பட்ட பிழைகள் இப்படிப் பிடிபட்டன. பலருடைய கண்ணும் பட்டுத் தேறிய கட்டமைப்பின் மேல் 6502க்கான பகுதி அமர்ந்திருப்பது புதிய கம்பைலருக்கு ஒரு பலம். ஆனால் 6502க்கென்று சேர்த்த பகுதி இளையது. அதைச் சோதிப்பவர்களும் குறைவு. பயன்படுத்துகிறவர் இதை மறக்கக் கூடாது.

புதிய கம்பைலருக்கு மாறியதும் முதலில் கேட்கும் புகார் வேகத்தைப் பற்றியதல்ல, ‘என் விளையாட்டு கெட்டுப்போய்விட்டது’ என்பதுதான். நேற்றுவரை நிதானமாக நெளிந்த புழு இன்று கண்ணுக்குத் தெரியாமல் பறந்து சுவரில் மோதிச் சாகிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். நேரம் கடத்துவதற்காக, பத்தாயிரம் வரை சும்மா எண்ணும் ஒரு மடக்கைப் பழைய நிரல்களில் எழுதிவைப்பார்கள். புதிய கம்பைலர் அதைப் பார்க்கிறது. இந்த எண்ணிக்கையின் விடையை யாரும் கேட்கவில்லை, நீக்கினாலும் நிரலின் விளைவு மாறாது, எனவே நீக்கிவிடுகிறது. சி மொழியின் தரவிதியில் நேரம் என்பது விளைவுகளில் சேராது. வெளியே தெரியும் விளைவு மாறாதவரை உள்ளே எதையும் மாற்றிக்கொள்ளும் உரிமை கம்பைலருக்கு உண்டு.

ஓரப்பட்டையிலும் இதே சிக்கல். 53280இல் சிவப்பை எழுதி, வேலையைச் செய்து, கறுப்பை எழுதச் சொல்கிறோம். கம்பைலரின் கண்ணில் அது சாதாரண நினைவக இடம். எழுதிய சிவப்பை யாரும் படிக்கவில்லையே, எதற்கு அந்த வரி என்று எடுத்துவிடும். அந்த இடத்தை ஒரு காட்சிச் சில்லு பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். 1989இல் அமெரிக்கத் தரவிதி சி மொழிக்குள் கொண்டுவந்த ‘வொலட்டைல்’ என்ற சொல் இதற்காகத்தான். இந்த இடத்தில் நான் சொல்லும் ஒவ்வொரு எழுதலும் படித்தலும் சொன்னபடியே, சொன்ன எண்ணிக்கையில் நடக்க வேண்டும் என்பது அதன் பொருள். வன்பொருளைத் தொடும் ஒவ்வொரு முகவரிக்கும் இது கட்டாயம். பழைய கம்பைலர் எதையும் நீக்கும் அளவுக்கு யோசிக்காததால், இந்தச் சொல் இல்லாமலே நிரல்கள் பல ஆண்டு ஓடிவிட்டன.

இன்னொரு கண்ணி, எண் நிரம்பி வழிவது. இரண்டு பைட் குறியுள்ள எண் 32,767 வரை போகும். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் எதிர்மறையாகிவிடும் என்று நம்பி, எதிர்மறை ஆகும்வரை எண்ணு என்று சிலர் எழுதுவதுண்டு. தரவிதியோ குறியுள்ள எண் வழிந்தால் என்ன ஆகும் என்று எந்த உறுதியும் தரவில்லை. வழியவே வழியாது என்று எடுத்துக்கொள்ளப் புதிய கம்பைலருக்கு உரிமை உண்டு. அப்படி எடுத்துக்கொண்டால் அந்த மடக்கு முடியவே முடியாது.

இவையெல்லாம் தெரிந்து மாறியவர்களுக்குக் கிடைக்கும் பெரிய ஆதாயம், என் கணிப்பில், வேகம்கூட அல்ல. நிரலை இயல்பாக எழுதலாம் என்பதுதான். செயற்கூறுகளுக்கு மதிப்புகளை அனுப்பலாம். சின்னச் சின்னச் செயற்கூறுகளாகப் பிரிக்கலாம். அவற்றைக் கம்பைலர் அழைக்கும் இடத்திலேயே விரித்து எழுதி, அழைப்புச் செலவான 12 துடிப்பையும் மிச்சமாக்கிவிடும். நாற்பது எழுத்து அகலமான திரைக்கு எழுதும் மடக்கில் சாதாரண முழு எண்ணையே போட்டிருந்தாலும், அது ஒரு பைட்டில் அடங்கும் என்று கண்டுகொண்டு எக்ஸ் பதிவகத்துக்குக் கொண்டுபோக நல்ல கம்பைலரால் முடியும். நேற்றுவரை நாம் கையால் செய்த நிறுவல்களை அது செய்கிறது.

குறையும் உண்டு. விரித்து எழுதினால் நிரல் பருக்கும். 64 கிலோபைட்டில் அது சின்ன விஷயமல்ல, வேகம் வேண்டுமா அளவு வேண்டுமா என்பதைத் தெரிவில் சொல்லியாக வேண்டும். பிழை தேடுவதும் கடினம். சிசி65 தரும் அசெம்பிளியில் நாம் எழுதிய சி வரிகளை வரிக்கு வரி அடையாளம் காணலாம். புதியதில் செயற்கூறுகளே கரைந்துபோயிருக்கும். நடப்பு வேலையை நிறுத்திச் சில்லை வேறு வேலைக்கு இழுக்கும் இடைமுறிப்பு வரும்போது ஓடும் செயற்கூறு எது என்பதையும் தனியே குறித்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இரண்டு செயற்கூறுகள் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டு ஒன்றின் மதிப்பை மற்றொன்று அழித்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் பெரிய பழைய நிரல் கையில் இருந்தால் சிசி65இலேயே அதை வைத்திருங்கள். பல கணினிகளுக்கான நூலகங்களும் அங்கே நன்றாகப் பக்குவப்பட்டிருக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர், வேகம் தேவைப்படுகிறவர் எல்எல்விஎம்-மாஸை எடுக்கலாம். கல்லூரியில் கம்பைலர் பாடம் படிக்கும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் வேறு: இரண்டையும் இறக்கிக்கொண்டு, பத்து வரியில் ஒரு நிரல் எழுதி, இரண்டிடமும் கொடுத்து, வரும் அசெம்பிளியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 6502இல் மொத்தம் 56 கட்டளைகள்தான். ஒரு வார இறுதியில் கற்றுக்கொண்டுவிடலாம். இரண்டு கம்பைலர்களும் இலவசம். கமடோர் இல்லாதவர்களுக்கு அதை மடிக்கணினியில் அப்படியே நடித்துக்காட்டும் வைஸ் என்ற மென்பொருளும் இலவசம்.